அடுக்கு வேகும் நாற்பது நிமிடம்

எங்கள் வீட்டில் மாட்டுக் கொத்துக்கறி வாங்கி வருவதென்றால், யார் கண்ணிலும் படாமல் வாங்கி வர வேண்டும். பட்டுவிட்டால் அன்று ஒருவருக்கும் வேலை ஓடாது. கொத்துக்கறி என்றால் அடுக்கு. அடுக்கு என்றால் கெட்ட சேதி.

அடுக்கு என்பது நாங்களாக வைத்த பெயர். கண்ணாடித் தட்டத்தில் அடியில் வட்டவட்டமாக நறுக்கிய உருளைக்கிழங்கு, அதன்மேல் வெங்காயமும் தக்காளியும் போட்டுச் சுண்ட வதக்கிய கொத்துக்கறி, அதன்மேல் வெண்ணெய் விட்டு மசித்த கிழங்கு, எல்லாவற்றுக்கும் மேலே துருவிய சீஸ். ஓவனில் நாற்பது நிமிடம். வெளியே வரும்போது மேல்பாகம் சிவந்து, ஓரங்களில் சாறு கொப்பளித்துக்கொண்டிருக்கும். அதைச் சாப்பிட்டவர்கள் கொஞ்ச நேரத்துக்கு யாரோடும் சண்டைக்குப் போக மாட்டார்கள். அந்த ஒரு குணத்துக்காகத்தான் என் மாமனார் அதைத் தேர்ந்தெடுத்தார்.

மாமனார் தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர். சைக்கிளில் போய்த் தந்தி கொடுப்பார். வாசலில் நின்று முதலில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பாராம். இல்லை என்றால், "சாப்பிட்டு வாங்க, நான் நிக்கிறேன்" என்று சைக்கிளிலேயே உட்கார்ந்துகொள்வாராம். கையில் தந்தியோடு ஒருவர் இப்படிக் கேட்ட பிறகு எவருக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர் அதையே வீட்டுக்கும் சட்டமாக்கினார். பசித்த வயிற்றில் யாரும் யாருக்கும் கெட்ட சேதி சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியவர் அடுக்கு செய்து வைத்து, எல்லோரும் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்.

இரண்டாவது சட்டம் என் வீட்டுக்காரர் பத்து வயதில் கொண்டுவந்தது. அப்பா அடுக்கு செய்வதைப் பார்த்தவர், பக்கத்து வீட்டு ஜன்னலைத் தான் உடைத்தது தெரிந்துவிட்டது என்று பயந்து, தட்டம் ஓவனில் இருக்கும்போதே ஓடிப்போய் ஒப்புக்கொண்டுவிட்டார். மாமனார் மனம் இளகி, "அடுக்கு மேஜைக்கு வர்றதுக்குள்ள தானா வந்து சொன்னா, திட்டு கிடையாது" என்று தீர்ப்பு சொன்னார். அன்றைய அடுக்கு உண்மையில் பூனை செத்துப் போனதற்காக.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ அடுக்கு பார்த்துவிட்டேன். கொழுந்தனுக்கு வேலை போனபோது ஒன்று. என் மகள் கணக்கில் வாங்கிய மார்க்குக்கு ஒன்று. நானாக ஒன்றுகூட வைத்ததில்லை. சொல்வதற்கு எனக்கு எதுவும் இல்லாமல் போய்விடவில்லை. எனக்கு நாற்பது நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்க வராது, அவ்வளவுதான்.

அன்று வைத்தேன்.

நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறேன். கட்டடத்தின் அடித்தளத்தில், தரைக்குக் கீழே இருக்கிறது எங்கள் இடம். மேலே பத்து மாடியில் யார் படுத்திருந்தாலும், அவர்கள் விரிப்பு கீழே என்னிடம்தான் வரும். கறையைப் பார்த்தே எந்த வார்டு என்று சொல்லிவிடுவேன். பத்தொன்பது வருடமாக நான் வெயிலைப் பார்ப்பது மதிய இடைவேளையில் மட்டும். மழை பெய்தால் மேலேயிருந்து வரும் பையன்களின் ஈரச் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் மேனேஜர் அம்மா என்னைக் கூப்பிட்டார். ரயிலில் எட்டு மணி நேரத் தூரத்தில் புதிதாக ஓர் ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார்கள். அங்கே சலவைக்கூடத்தை ஆரம்பித்து, ஆட்களைப் பழக்கி, ஒரு வருடம் தலைமை தாங்கி நடத்திக் கொடுக்க வேண்டும். "உங்களைத் தவிர எனக்கு வேற ஆள் தோணல" என்றார். படங்களைக் காட்டினார். வரிசையாகப் புது மெஷின்கள். அதற்குப் பின்னால் சுவர் நீளத்துக்கு ஜன்னல்கள். நான் மெஷினைப் பார்க்கவே இல்லை.

எனக்குப் போக ஆசை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. தூக்கத்தில்கூட அந்த ஜன்னல் வந்தது. ஆனால் வீட்டில் எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. மாமனாருக்கு வேளா வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான். மகளுக்கு அடுத்த வருடம் பரீட்சை. என் வீட்டுக்காரருக்கு அவருடைய காலுறை எந்த அலமாரியில் இருக்கிறது என்பது இன்றுவரை தெரியாது. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் கடைசி நாள் வந்துவிட்டது. அன்று காலை மேனேஜர் அம்மா, "ராத்திரி எட்டு மணிக்குள்ள போன் பண்ணுங்க. நீங்களே பண்ணுங்க" என்றார். அந்த 'நீங்களே'யை ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மதியம் துணி உலர்த்தும் மெஷின் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். "ஒரு வருஷம்தான். போயிட்டு வரட்டுமா?" மெஷின் போட்ட சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. பிறகு கசாப்புக் கடைக்குப் போய், கொழுப்பு கொஞ்சம் சேர்த்து ஒரு கிலோ கொத்தச் சொன்னேன். கடைக்காரர் எங்கள் குடும்பத்தை நன்றாக அறிந்தவர். பொட்டலத்தைக் கொடுக்கும்போது, "யாருக்கு என்னாச்சு?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஐந்து மணிக்கு வெங்காயத்தை வதக்க ஆரம்பித்தேன். கொத்துக்கறி சட்டியில் விழுந்து நிறம் மாறி, வாசனை கூடத்தைத் தாண்டியதும் மாமனாரின் அறைக் கதவு திறந்தது.

மாமனாரின் காது மெஷின் கெட்டுப்போய் மூன்று மாதம். கடைக்காரன் பார்ட்ஸ் வரவில்லை என்கிறானாம். அதனால் மகளின் பழைய சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் அவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் வந்து அடுக்களை வாசலில் நின்றதும் நான் பழக்கத்தில் சிலேட்டை எடுத்தேன்.

"அது வேணாம்" என்றார்.

"என்ன மாமா?" என்றேன் வாய் தவறி.

"அதான் சொல்றேன், வேணாம். மெஷின் நல்லாத்தான் இருக்கு. கெட்டே போகல. தட்டம் இன்னும் ஓவனுக்கே போகல, நான் தானா வந்து சொல்லிட்டேன். ஞாபகம் வச்சுக்க."

மூன்று மாதமாக அவர் எதிரில் நான் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன் என்று மனதில் ஓட ஆரம்பித்தது. ஆனாலும் முகத்தில் எதையும் காட்டாமல் கரண்டியால் கிளறினேன்.

"எனக்குத் தெரியும் மாமா."

"எப்படித் தெரியும்?"

"கறையைப் பாத்தே வார்டைச் சொல்றவ நான்."

"சரிதான். அப்ப நீ என்னைப் பழைய ரேடியோன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சுங்கறதும் உனக்குத் தெரியும்."

நான் அவசரமாகத் தக்காளியை அள்ளிப் போட்டேன்.

"எதுக்கு மாமா இப்படி?"

"காது கேக்கலைன்னா எல்லாரும் உண்மை பேசுறீங்க. டீவியை விட நல்லா இருக்கு." போகத் திரும்பியவர் நின்றார். "வேற எதுவும் என் காதுல விழல" என்றார். நான் அவரை அதைப் பற்றி ஒன்றும் கேட்கவே இல்லை. மேனேஜர் அம்மாவோடு நான் போனில் பேசியதெல்லாம் அவர் அறைக்கு வெளியே நின்றுதான். அவர் காது மெஷினை மறைக்காமல் போய்ச் சாப்பாட்டு மேஜையில் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

அப்போதுதான் எனக்குள் இருந்த கெட்ட புத்தி கண்ணைத் திறந்தது. இந்த வீட்டில் மடியில் கனமில்லாத ஆள் யாரும் இல்லை. இந்த வாசனையை முகர்ந்தால் ஒவ்வொருவரும் தானாக வந்து கொட்டப் போகிறார்கள். நான் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. "எனக்குத் தெரியும்" என்றால் போதும். எட்டு மணிக்குள் எல்லோரும் என் கைக்குள். பிறகு நான் "போயிட்டு வரட்டுமா?" என்று கேட்கும்போது எவருக்கு மறுக்க வாய் வரும்? கிழங்கை மசிக்கும்போது எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சீஸை வழக்கத்தைவிடத் தாராளமாகத் துருவினேன். ஆறரைக்குத் தட்டத்தை ஓவனில் வைத்து, அதன் நேர மணியை நாற்பது நிமிடத்துக்குத் திருகினேன்.

அடுத்து வந்தது கொழுந்தன். எங்களோடுதான் இருக்கிறார். டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒரு காலோடு நின்றுவிட்டார்.

"அண்ணி, அடுக்கா?"

"ஆமா."

"யாராவது செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

வீட்டுக்காரர் வருகிறாரா என்று பார்க்க ஜன்னல் வழியாக வாசல் கேட்டைப் பார்த்தேன். சத்தியமாக அதற்குத்தான் பார்த்தேன். அந்தக் கேட் ஒரு மாதமாக ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. பால் வேன்காரன் இடித்துவிட்டுப் போய்விட்டான் என்று கொழுந்தன்தான் கண்ணால் பார்த்த சாட்சி சொன்னார்.

"கேட்டைப் பாக்காதீங்க அண்ணி. நானே சொல்லிடறேன்."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"அந்தப் பொண்ணு வந்து சொல்லிட்டாளா? புதுசா சேந்த பொண்ணு அண்ணி. ரிவர்ஸ் எப்படி எடுக்கணும்னு கேட்டா. வழியிலதானே நம்ம வீடுன்னு, இங்க கொண்டுவந்து காட்டினேன். 'கண்ணாடியைப் பாரு, பின்னாடி பாரு, இப்படித்தான் வரணும்'னு சொல்லிக்கிட்டே வந்தேன். வந்து இடிச்சுட்டேன். 'இதையும் நோட்ல எழுதிக்கணுமா சார்'னு கேக்கறா."

"அந்தப் பால்காரரை நான் நாலு வார்த்தை கேட்டேனே தம்பி."

"பதினாலு இருக்கும் அண்ணி. நான் உள்ள இருந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

அன்றிலிருந்து பால்காரர் எங்கள் தெருவுக்கே வருவதில்லை. தினமும் காலையில் பாலுக்காக முக்குக் கடை வரைக்கும் நடக்கிறவள் நான். எனக்கு நாக்கு துறுதுறுவென்று வந்தது. ஓவனைப் பார்த்தேன். தட்டம் உள்ளே இருந்தது. சட்டம் சட்டம்தான். "போய்க் கை கழுவிட்டு உக்காருங்க" என்றேன். ஒரு ஷூவோடு நடந்துபோய் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். மேஜையில் இரண்டு பேர் ஆனார்கள்.

மூன்றாவது என் மகள். பதினாறு வயது. டியூஷனிலிருந்து வந்தவள் மேஜையில் உட்கார்ந்திருந்த தாத்தாவையும் சித்தப்பாவையும் பார்த்தாள். இரண்டு பேரும் பாவம் தீர்ந்தவர்கள் போல அவளைப் பார்த்து இளித்தார்கள். நேராக என்னிடம் வந்தாள்.

"உங்களுக்கு ஸ்கூல்லேருந்து போன் வந்துச்சா?"

"எனக்குத் தெரியும்" என்றேன். எத்தனை சுலபமான வேலை இது என்று நினைத்துக்கொண்டேன்.

"நானா பொய் சொல்லலம்மா. எங்கம்மா பெரிய ஆஸ்பத்திரில இருக்காங்க, அவங்களுக்குக் கீழ இருபது பேரு வேலை பாக்கறாங்கன்னுதான் சொன்னேன். மிஸ் தானா, 'ஓ, டாக்டரா?'ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. இப்ப எல்லார் அம்மா அப்பாவும் வந்து அவங்கவங்க வேலையைப் பத்திப் பேசணுமாம். உங்க பேரை முதல்ல போட்டுட்டாங்க. 'ஆபரேஷன் பத்திப் பேசச் சொல்லு'ன்னாங்க."

இதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலித்தது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் பச்சைத் துணியை ஒரு பொட்டுக் கறை இல்லாமல் திருப்பி அனுப்ப என்ன பாடுபட வேண்டும் என்று இவளை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் சொல்லலாம். ஒரு நாளும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. மணியில் இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. திட்டக் கூடாது.

"போய் உக்காரு" என்றேன்.

"திட்டலாம்மா, பரவால்ல" என்றாள் மெதுவாக.

"சட்டம்னு ஒண்ணு இருக்கு. போ."

ஆக, மூன்று பேர் என் கைக்குள் வந்துவிட்டார்கள். மீதி இருப்பது ஒருவர். அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. அவர் மெத்தைக் கடையில் விற்பனையாளர். குரலை உயர்த்தத் தெரியாதவர். காலையில் தொடங்கிய வாக்கியத்தை மத்தியானம் முடிப்பவர். வருகிறவர்களை மெத்தையில் படுக்க வைத்து, பக்கத்தில் நின்று மெல்லப் பேசிப் பேசியே வாங்க வைத்துவிடுவார். வீட்டிலும் எந்த விஷயத்தையும் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் முடிவு செய்வார். மிஞ்சிப் போனால் என் நல்ல குடையை ரயிலில் விட்டிருப்பார்.

அவர் வந்தார். கூடத்தில் நின்று மூக்கை உறிஞ்சினார். முகம் வெளுத்துப்போனது. மேஜையைப் பார்த்தார். தட்டம் அங்கே இல்லை என்று தெரிந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் விறுவிறுவென்று அடுக்களைக்கு வந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

"இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு?" என்றார்.

என்னுடைய கை நின்றது. மற்ற மூன்று பேரும் வந்ததும் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார்கள். நேரம் கேட்டவர் இவர் ஒருவர்தான். சட்டம் போட்டவர் அல்லவா.

"பன்னெண்டு" என்றேன்.

"நல்லதாப் போச்சு. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கொஞ்ச நாளாவே சொல்லணும்னுதான்... விஷயம் என்னன்னா, உங்க மேனேஜர் அம்மா இருக்காங்கல்ல..."

'நீங்களே பண்ணுங்க.' அந்த வார்த்தையின் அழுத்தம் அப்போது விளங்கியது. முழுவதும் விளங்கவில்லை. ஆனால் உள்ளங்கால் வரைக்கும் சூடேறும் அளவுக்கு விளங்கியது. இன்னும் நாலு வாக்கியத்தில் இவர் சொல்லி முடித்துவிடுவார். முடித்துவிட்டால் நான் ஒரு சொல் திட்ட முடியாது. ஜன்மத்துக்கும் முடியாது.

ஓவன் கையுறையை மாட்டிக்கொண்டேன்.

"என்ன பண்றே? இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்குன்னியே."

"இருக்கு."

ஓவன் கதவைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. மேலே சீஸ் அப்போதுதான் உருகி, வெளுத்துப்போய்க் கிடந்தது. தட்டத்தைத் தூக்கினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அடுக்களையிலிருந்து மேஜைக்கு ஒன்பது தப்படி. அவர் என் பக்கத்திலேயே நடந்து வந்தபடி, வாழ்க்கையில் முதல்முறையாக அவசரமாகப் பேச முயற்சி செய்தார்.

"போன வியாழக்கிழமை... இல்ல, புதன்கிழமை... நீ குளிச்சுக்கிட்டு இருந்தப்போ... நில்லேன்... வீட்டு போன் அடிச்சுது. நான் போய் எடுத்தனா..."

புதனா வியாழனா என்று பார்த்த நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம். தட்டத்தை மேஜையின் நடுவில் பலகைமேல் வைத்தேன். டங்கென்று சத்தம் கேட்டது. மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"வச்சாச்சு" என்றார் மாமனார்.

"அப்பா, நான் முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன்."

"ஆரம்பிச்சா ஆச்சா? பாதித் தந்தி குடுத்தா அது தந்தியா?"

"அது இன்னும் வேகவே இல்லப்பா. மேல பாருங்க, வெள்ளையா இருக்கு."

"வேகணும்னு சட்டத்துல இல்ல. மேஜைக்கு வரணும்னுதான் இருக்கு. நீ கேட்டு வாங்கின சட்டம்டா."

வீட்டுக்காரர் எல்லோரையும் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபடியே சொன்னார். புதுக் கட்டடம், ஒரு வருடம், எட்டு மணி நேர ரயில், எல்லாவற்றையும் மேனேஜர் அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார். வீட்டில் பேசியாயிற்றா என்று கேட்கத்தான் போன் செய்திருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"அவ வரமாட்டா, வீட்டை விட்டுட்டு எப்படி வருவா, வேற ஆளைப் பாருங்கன்னு சொல்லிட்டேன்."

"எங்கிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

கொழுந்தன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி கேட்டைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டார். மாமனார் காது மெஷினைக் கழற்றித் துடைப்பதுபோல் பாவனை செய்தார். நான் போட்ட திட்டம் அச்சுப் பிசகாமல் வேலை செய்தது. கேட்கலாம், ஒருவரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் மெஷின் முன்னால் நின்று பாடம் பண்ணிய அந்த ஒரு வரி என் வாயில் வர மறுத்தது. எனக்காக என் வீட்டுக்காரர் பதில் சொல்லி ஒரு வாரமாகிறது. இனிமேல் நான் யாரிடம் போய் என்ன கேட்பது? போனை எடுத்தேன். ஏழு மணி தாண்டியிருந்தது.

"நான்தான் பேசறேன். நானேதான்" என்றேன் மேனேஜர் அம்மாவிடம். "வர்றேன்."

அவர் "உங்க வீட்ல..." என்று இழுத்தார்.

"வீட்ல எல்லாரும் இங்கதான் இருக்காங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

போனை வைத்ததும் என் மகள், "அப்ப ஸ்கூலுக்கு யாரு வந்து பேசறது?" என்றாள். கேட்ட பிறகுதான், அந்த டாக்டர் பொய்யை எல்லோர் முன்னாலும் தானே கிளறிவிட்டது அவளுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு, "போறதுக்கு முன்னாடி வாங்கம்மா. லாண்டரின்னு நான் மிஸ்கிட்ட சொல்லிடறேன்" என்றாள். அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அதற்கெல்லாம் அப்போது நேரமில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது.

தட்டத்தை மறுபடி தூக்கிக்கொண்டு போய் ஓவனில் வைத்தேன். மீதி பன்னிரண்டு நிமிடத்துக்கு மணியைத் திருகினேன். என் வீட்டுக்காரரை ஓவனுக்கு எதிரே முக்காலியில் உட்கார வைத்தேன். ஆரம்பித்தேன்.

'நீங்க' என்று மரியாதையாகத்தான் திட்டினேன். மரியாதையோடு திட்டினால் இன்னும் ஆழமாக இறங்கும். அந்த ஒரு போனோடு நிறுத்தவில்லை. நான் எதை விரும்புவேன், எதை விரும்பமாட்டேன் என்று கடையில் மெத்தை விற்பதுபோல அவர் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த பத்தொன்பது வருடத்தையும் இழுத்தேன். என் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு, எனக்கு உடம்பு முடியவில்லை என்று அவராகவே சொல்லி அனுப்பியதை இழுத்தேன். காலுறை அலமாரியையும் விடவில்லை. கூடத்தில் இருந்த கொழுந்தன் மட்டும் ஒரு இடத்தில் "அது சரிதான்" என்று முணுமுணுத்தார். மாமனார் அவர் முழங்காலில் தட்டுவது கேட்டது. ஓவன் கண்ணாடிக்குள் சீஸ் மெல்ல நிறம் மாறிக்கொண்டிருந்தது.

எட்டாவது நிமிடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினேன். அந்த இடைவெளியில் அவர் பேசினார்.

"அங்க ஜன்னல் இருக்காமே."

"என்னது?"

"சுவரு பூரா ஜன்னலாம். அந்தம்மா போன்ல சொன்னாங்க. அதைச் சொன்ன உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நீ போயிடுவேன்னு." பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "வீடு எப்படி நடக்கும்னெல்லாம் நான் பயப்படல. எப்படியாவது நடக்கும். நீ அங்க போய் நல்லா இருந்துட்டா? இருந்துட்டு, எதுக்கு அந்த அடித்தளத்துக்குத் திரும்பி வரணும், எதுக்கு இவன்கிட்டத் திரும்பி வரணும்னு உனக்குத் தோணிட்டா? அதான். வேற ஒண்ணும் இல்ல."

அவர் அதை ஒரு தூக்கம்கூடப் போடாமல் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அடுத்துத் திட்ட வைத்திருந்த வார்த்தை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. நானும் தரையில் அவர் முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஓவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓரத்தில் சாறு கொப்பளிக்க ஆரம்பித்திருந்தது.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்றார். "முடிச்சுடு."

"இப்ப முடியாது. மீதியை லீவுல வந்து திட்டறேன்."

அவர் கையிலிருந்த பையை அப்போதுதான் கீழே வைத்தார்.

"மறந்துடாத" என்றார்.